நாற்காலியும் ரசீதுப் புத்தகமும்

நம் ஊரில் ஒருவர் பெரிய மனிதராகிவிட்டார் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. வீட்டு வாசலில் பட்டங்களோடு பெயர்ப் பலகை மாட்டுவது முதல் அடையாளம். விழா அழைப்பிதழ்களில் 'முன்னிலை' என்ற இடத்தில் பெயர் வருவது இரண்டாவது. ஏதாவது ஒரு தரும ஸ்தாபனத்தின் நிர்வாகக் கமிட்டியில் அங்கத்தினர் ஆவது மூன்றாவது. முதல் இரண்டினால் யாருக்கும் கெடுதல் இல்லை. மூன்றாவதைப் பற்றித்தான் இன்று சண்டை பிடிக்க வந்திருக்கிறேன்.

"சண்டை பிடிக்க உமக்கு என்ன யோக்கியதை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் ஆறு வருஷ காலம் அப்படியொரு கமிட்டியில் உட்கார்ந்திருந்தவன். உட்கார்ந்திருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யாதவன். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். அந்த யோக்கியதை போதும்.

எங்கள் பக்கத்தில் ஏழைப் பெண்களுக்கான விடுதி ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் பழி விடுதியின் மேல் விழும். பழிக்கு உரியது கமிட்டி. பஸ் சரியாக வராத கிராமங்களிலிருந்து வந்து உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் 38 பெண்கள் அதில் இருந்தார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, படுக்க இடம், படிக்க விளக்கு. கமிட்டியில் நாங்கள் 11 பேர். ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஓய்வு பெற்ற பாங்கு மானேஜர், அரிசி ஆலைக்காரர், இரண்டு கல்லூரிப் பேராசிரியர்கள், இப்படி. "ஒரு எழுத்தாளரும் இருக்கட்டுமே" என்று என்னையும் சேர்த்திருந்தார்கள். காரியதரிசி ஒரு ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. ஊரே அவரை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடும்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூட்டம். போண்டா வரும், காபி வரும், பிறகு பொக்கிஷதார் கணக்கு வாசிப்பார். மளிகைக் கடைக்குப் பாக்கி, மின்சாரக் கட்டணம் பாக்கி, சமையற்காரிக்குச் சம்பளம் பாக்கி. எல்லோரும் "த்சொ, த்சொ" என்போம். ஒருவர் அரசாங்கத்தைத் திட்டுவார். ஒருவர் வெளிநாட்டில் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று தம் மகனைப் பார்க்கப் போனபோது கண்டதைச் சொல்வார். கடைசியில் ஒரு தீர்மானம் எழுதப்படும்: 'நிதி நிலைமையைச் சீர்செய்ய ஆவன செய்யப்பட வேண்டும்.' நான் பிரேரேபித்தேன், டாக்டர் ஆமோதித்தார், ஏகமனதாக நிறைவேறியது.

தமிழ் இலக்கணத்தில் செயப்பாட்டு வினை என்று ஒன்று இருக்கிறது. அது கமிட்டிகளுக்காகவே ஏற்பட்டதோ என்று எனக்குச் சந்தேகம். 'ஆவன செய்யப்பட வேண்டும்.' யாரால்? அதுதான் அந்த வாக்கியத்தில் இல்லை. ஆறு வருஷத்தில் நான் பிரேரேபித்த தீர்மானங்கள் பல. ஒன்றிலாவது எழுவாய் கிடையாது.

எழுவாய் யார் என்பது ஒரு நாள் எனக்குத் தெரிந்தது.

அன்று கூட்டம் முடிந்து என் காரில் டீச்சரம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியில், "தம்பி, அந்த மூணாவது வீட்டுக்கிட்டே கொஞ்சம் நிறுத்துங்க. இன்னிக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றார். நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் பார்த்தேன்: அது என் பள்ளித் தோழனின் வீடு. மர வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்து மாடி மேல் மாடி கட்டியவன். டீச்சரம்மா கேட்டுக்கு வெளியே நின்றார். காவலாளி உள்ளே போனான், வந்தான், மறுபடி போனான். அறுபத்தெட்டு வயது அம்மாள் தோளில் துணிப்பையோடு இருபது நிமிஷம் வெயிலில் நிற்கிறார். நான் காருக்குள் என்ன செய்தேன் தெரியுமா? மாடியிலிருந்து நண்பன் பார்த்துவிடப் போகிறானே என்று இருக்கையில் சரிந்து உட்கார்ந்துகொண்டேன்.

அவர் திரும்பி வந்து, மடியில் ரசீதுப் புத்தகத்தை வைத்து அடிக்கட்டையில் தொகையைச் சரிபார்த்தார். "ஐந்நூறு ரூபாய். பரவாயில்லை தம்பி, போன தடவை இதுகூட இல்லை" என்றார். அவர் குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அந்த நண்பன் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தான்.

"ஏண்டா, நீ அந்த விடுதிக் கமிட்டியிலே இருக்கியாமே? லெட்டர் பேப்பர்லே உன் பேர் அச்சடிச்சிருக்கு."

"ஆமாம்."

"அந்த அம்மா நாலு தடவை என் வீட்டுக்கு வந்துட்டாங்க. வாராவாரம் நாம் பார்க்கிறோம், பேசறோம். நீ ஒரு தடவைகூட அதைப் பத்தி வாயைத் திறக்கலையே. உனக்கே நம்பிக்கை இல்லாத இடம் போலிருக்குன்னு நினைச்சேன்." அவன் ரசத்துக்குச் சாதத்தைப் பிசைந்துகொண்டே இன்னொன்றும் கேட்டான்: "அது சரி, நீ எவ்வளவு கொடுத்திருக்கே?"

நான் கொடுத்திருந்தது வருஷச் சந்தா நூறு ரூபாய். பதில் சொல்லாமல் அப்பளத்தை நொறுக்கினேன்.

அந்த ஜூன் மாதம் விடுதியில் ஆறு பெண்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள முடியவில்லை. ஒரு பெண்ணுக்கு மாதம் 3,000 ரூபாய் செலவு. ஆறு பேருக்கு வருஷம் 2,16,000 ரூபாய். 11 பேர் இருந்த கமிட்டிக்கு அது முடியாத தொகையா? தலைக்கு இருபதாயிரத்துக்குள் வருகிறது. கையிலிருந்து கொடுக்க வேண்டாம் ஐயா, ஒவ்வொருவரும் நாலு சிநேகிதர்களிடம் வாயைத் திறந்து கேட்டிருந்தால் போதும். நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கௌரவம் காப்பாற்றப்பட்டது. அதற்கான செலவை அந்த ஆறு பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். தரும ஸ்தாபனத்தின் கமிட்டியில் இருப்பவர் பணம் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் தம்மால் ஆனதைத் தாமே கொடுத்திருக்க வேண்டும். இது நேரம் இருந்தால் செய்யும் உபகாரமல்ல. அந்த நாற்காலி போடப்பட்டதே இதற்காகத்தான். இரண்டும் முடியாதவர் எவ்வளவு நல்லவரானாலும், எவ்வளவு படித்தவரானாலும் அந்த நாற்காலியை அடைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "யோசனை வேண்டுமானால் சொல்கிறோம். பிச்சை எடுக்க எங்களால் ஆகாது" என்கிறார்கள். ஔவையையும் வள்ளுவரையும் துணைக்குக் கூப்பிடுகிறார்கள்.

கூப்பிடட்டும், பார்த்துவிடலாம். ஔவைப் பாட்டி ஆத்திசூடியில் கை ஏந்துவதை இழிவாகச் சொன்னது வாஸ்தவம். ஆனால் அடுத்த வரியிலேயே, இல்லாதவருக்கு இட்டுவிட்டுச் சாப்பிடு என்கிறாள். நாலு வரிக்கு முன்னால், ஒருவர் கொடுப்பதை நீ குறுக்கே நின்று தடுக்காதே என்றும் சொல்லியிருக்கிறாள். கொடுக்க மனமும் வசதியும் உள்ள ஒரு நண்பனிடம் விஷயத்தையே சொல்லாமல் மூடி வைத்தேனே, அது தடுப்பது அல்லாமல் வேறென்ன? வள்ளுவரோ இரவச்சம் என்று ஓர் அதிகாரம் எழுதியவர்தான். அதற்கு முந்திய அதிகாரத்தின் பெயர் என்ன? இரவு. 106-வது அதிகாரம் கேட்பதைப் பற்றி, 107-வது கேட்க அஞ்சுவதைப் பற்றி. கேட்கத் தகுந்தவரைக் கண்டால் கேள் என்றும், கேட்பவரே இல்லாமற்போனால் இந்த உலகம் மரப்பொம்மை ஆட்டமாகிவிடும் என்றும் முதல் அதிகாரத்தில் சொல்கிறார். நம் கமிட்டி கனவான்கள் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

தன் வயிற்றுக்காகக் கையேந்துவது வேறு. பிறர் வயிற்றுக்காகக் கையேந்துவது வேறு. முதலாவதில் மனிதன் குறுகுகிறான். இரண்டாவதில் வளருகிறான். மணிமேகலை அமுதசுரபியை ஏந்தித் தெருவில் நடந்தது பசித்தவர்களுக்காகத்தான். அவளை யாரும் கௌரவம் கெட்டவள் என்று சொன்னதாகக் காப்பியத்தில் இல்லை.

காப்பியம் வேண்டாம், சரித்திரத்துக்கே வருவோம். லண்டனில் படித்துப் பட்டம் பெற்ற ஒரு பாரிஸ்டர் இந்தத் தேசத்தில் நடமாடினார். 1921-ல் திலகர் பெயரால் சுயராஜ்ய நிதி திரட்டிய போது அவர் வைத்த இலக்கு ஒரு கோடி ரூபாய். அந்தக் காலத்துக் கோடி. அதையும் ஜனங்கள் கொடுத்தார்கள். 1933 நவம்பரில் தொடங்கி மறு வருஷம் வரை ஹரிஜன நிதிக்காக அவர் சுமார் 12,500 மைல் சுற்றினார். சுமார் எட்டு லட்சம் ரூபாய் சேர்ந்தது. பெண்களிடம் வளையலைக் கேட்டார். குழந்தைகளிடம் காலணாவைக் கேட்டார். கையெழுத்து வேண்டும் என்று வந்தவர்களிடம் ஐந்து ரூபாய் வசூலித்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தார். காந்திஜிக்கு இல்லாத கௌரவமா நமக்கு வந்துவிட்டது?

அவர் மகாத்மா, நாம் சாதாரண மனிதர்கள் என்பீர்கள். சரி, சாதாரண உத்தியோகஸ்தர்களையே காட்டுகிறேன். மயிலாப்பூரில் ராமகிருஷ்ணா மாணவர் இல்லம் 1905-ல் ஏழு பையன்களோடு ஒரு சிறு வீட்டில் தொடங்கியது. அதைத் தோளில் சுமந்தவர்கள் ராமஸ்வாமி ஐயங்கார், ராமானுஜாச்சாரி என்ற இரண்டு உறவினர்கள். ராமானுஜாச்சாரி அரசாங்கச் செயலகத்தில் வேலை பார்த்தவர். சக உத்தியோகஸ்தர்களைச் சேர்த்துக்கொண்டு, முகத்தில் அரிதாரம் பூசி நாடகம் போட்டு, வசூலான பணத்தை இல்லத்துக்குக் கொடுத்தார். பகலில் கோப்புகளைப் புரட்டியவர் இரவில் மேடை ஏறினார். "நான் யோசனை மட்டும்தான் சொல்வேன்" என்று அவர் சொல்லியிருந்தால் ஏழு பையன்கள் ஏழாகவே இருந்திருப்பார்கள்.

இன்னொரு பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறிய பெண்மணி. 1927-ல் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராகி, அதன் உபதலைவராகவும் இருந்தவர். அவ்வளவு பெரிய பதவிகளைப் பார்த்துவிட்டு, அறுபது வயதுக்குமேல், புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று ஊராரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தம் தங்கையை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். இந்திய மாதர் சங்கத்தின் பெண்கள் அவரோடு நின்றார்கள். 1952-ல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு மருத்துவமனை திறந்தது. அந்த 12 படுக்கைகளும் தீர்மானத்தினால் வந்தவை அல்ல. யார் யாரோ யார் யாரிடமோ வாய் திறந்து கேட்டதனால் வந்தவை.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்கிறேன். எட்டயபுரத்தில் பாரதிக்கு ஒரு மணிமண்டபம் இருக்கிறது. 1947-ல் திறந்தது. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு நாவலாசிரியர், கல்கி, தம் பத்திரிகையில் வெட்கப்படாமல் எழுதிக் கேட்டார். தொடர்கதை படிக்கிறவர்கள் தங்களால் ஆனதை அனுப்பிவைத்தார்கள். கதை எழுதுகிறவன் கேட்டால் கொடுப்பார்கள் என்பதற்கு அத்தாட்சி கண்ணெதிரே கல்லில் நிற்கிறது. அப்படியிருந்தும் கதை எழுதுகிறவனான நான் காரில் சரிந்து உட்கார்ந்தேன்.

இனி, இந்தக் காலத்துச் சமாதானங்களைப் பார்ப்போம்.

"இப்போதெல்லாம் கம்பெனிகள் கொடுக்கின்றன, தனி மனிதரிடம் எதற்கு அலைய வேண்டும்?" இது முதல் சமாதானம். 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டத்தில் அப்படியொரு விதி உண்டுதான். குறிப்பிட்ட அளவுக்குமேல் லாபமோ வியாபாரமோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள், முந்திய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். ஆனால் எந்தக் காரியத்துக்கு, எந்த ஊரில் என்று தீர்மானிப்பது யார்? அந்தக் கம்பெனியின் டைரக்டர்கள். அவர்களுக்கு எங்கள் விடுதி இருப்பது எப்படித் தெரியும்? யாராவது போய்ச் சொன்னால்தான் தெரியும். சொல்லக்கூடிய பரிச்சயம் உள்ளவர்கள் டாக்டரும் வக்கீலும் பாங்கு மானேஜரும்தானே? டீச்சரம்மாவை அந்தக் கட்டிடத்தின் கண்ணாடிக் கதவுக்குள் விடுவார்களா? சட்டம் பணத்தை ஒதுக்கத்தான் வைக்கும். அது வாய் திறந்து கேட்காது.

"வருமான வரிச் சலுகை இருந்தால் தானாகக் கொடுப்பார்கள்." இது இரண்டாவது. 80-ஜி என்று நமக்குப் பழகிப்போன அந்தச் சலுகை நல்ல சலுகைதான். ஆனால் இரண்டாயிரம் ரூபாய்க்குமேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடையாது. புதிய வரிமுறைக்கு மாறிவிட்ட சம்பளக்காரர்களுக்கும் அது கிடையாது. வரிக்காகக் கொடுக்கிறவர் வரி போனதும் நிறுத்திவிடுவார். சிநேகிதன் கேட்டான் என்று கொடுக்கிறவர்தான் அடுத்த வருஷமும் கொடுப்பார்.

"நான் இன்று அவரிடம் கேட்டால், நாளைக்கு அவர் தம் ஸ்தாபனத்துக்கு என்னிடம் கேட்பாரே!" இது மூன்றாவது. சொல்ல வெட்கமாக இருப்பதால் யாரும் வெளியே சொல்லாத சமாதானம் இது. உண்மையில் மற்ற எல்லாச் சமாதானங்களுக்கும் அடியில் படுத்திருப்பது இதுதான். கேட்கட்டுமே ஐயா! அவர் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கேட்பார். நீங்கள் ஒரு பெண்கள் விடுதிக்குக் கேட்பீர்கள். இரண்டு இடத்திலும் அடுப்பு எரியும். கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறோம். திரும்ப வரும் என்று தெரிந்துதானே நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறோம்? மொய்க்குக் கூசாத கை, தருமத்துக்கு ஏன் கூச வேண்டும்?

நாலாவதாக ஒன்று உண்டு. "அப்படியானால் பணக்காரர்கள்தான் கமிட்டியில் இருக்கலாமா?" என்று என் மேலேயே பாய்வார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துத் தருமம் நடத்திய நாடு இது. ஒரு பிடி எடுத்து வைக்க முடியாத வீடு எது? 1956-ல் காமராஜர் காலத்தில் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு தொடங்கியபோது ஊர்க்காரர்களின் பங்கும் அதில் சேர்ந்திருந்தது. கொடுத்தவர்கள் எல்லோரும் மிராசுதார்களா? கமிட்டி அங்கத்தினர் எவ்வளவு கொடுத்தார் என்பதல்ல கேள்வி. தமக்குச் சற்று உறைக்கும்படி கொடுத்தாரா என்பதுதான். பத்தாயிரம் சம்பளக்காரர் ஐந்நூறு கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்று கேட்கலாம். லட்சாதிபதி நூறு ரூபாய்ச் சந்தாவோடு கேட்கப் போனால் குரல் எழும்பாது. எனக்கு எழும்பவில்லை.

சிலருக்குப் பணம் கேட்க நிஜமாகவே நாக்கு வராது. அது சுபாவம், அதைக் குற்றமாக்க நான் தயாராயில்லை. அப்படிப்பட்டவர் தம் சிநேகிதர் ஒருவரை ஒரு மாலைப் பொழுதில் விடுதிக்கு அழைத்து வரலாம். அந்தப் பெண்கள் பாடம் படிப்பதைக் காட்டலாம். கேட்கிற வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்வார். கொடுத்தவருக்குத் தம் கையால் நன்றிக் கடிதம் எழுதலாம். பணம் கேட்பது என்பது கையை நீட்டுகிற அந்த ஒரு நிமிஷம் மட்டுமல்லவே! முன்னும் பின்னும் எத்தனையோ வேலை இருக்கிறது. அதில் ஒன்றும் வேண்டாம் என்றால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நியாயத்தை முழுதும் சொல்ல வேண்டுமானால், ஸ்தாபனங்களின் பேரிலும் தவறு உண்டு. கமிட்டிக்குப் பிரமுகர்களை அழைக்கும்போது, "ஒன்றும் சிரமம் இல்லை சார், உங்கள் பெயர் இருந்தால் போதும், மாதம் ஒரு மணி நேரம்" என்றுதான் அழைக்கிறார்கள். பெயர் போதும் என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு பணம் வசூலித்துத் தரவில்லையே என்று குறைப்பட்டால் எப்படி? பெண் பார்க்கும்போதே பேச வேண்டியதைத் தாலி கட்டிய பிறகு பேசலாமா? 'இவ்வளவு கொடுக்க வேண்டும், இவ்வளவு பேரிடம் கேட்க வேண்டும்' என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பயந்து ஓடுகிறவர் அன்றே ஓடட்டும். அதோடு, ஒரு குழந்தைக்கு மாதம் என்ன செலவு என்று எந்த அங்கத்தினரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு தெரியாதவன் எதைச் சொல்லிக் கேட்பான்? எங்கள் விடுதியில் 3,000 ரூபாய் என்ற கணக்கை நானே ஆறாவது வருஷத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

கல்யாணப் பந்திக்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை ஒரு பெண்ணின் ஆறு மாதச் செலவுக்குச் செக் எழுதி டீச்சரம்மாவிடம் கொடுத்தேன். அவர் ரசீது எழுதினார். அந்த ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மர வியாபாரி நண்பன் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை. நேரே உள்ளே போய் ஊஞ்சலில் உட்கார்ந்தேன். அதுதான் எனக்கும் டீச்சரம்மாவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசத்தை ஆறு வருஷம் வீணாக்கியிருந்தேன்.

எனக்கு உள்ளங்கை வியர்த்தது. வானிலையைப் பற்றிப் பேசினேன். மரம் விலையைப் பற்றிப் பேசினேன். கடைசியில் அவனே, "சொல்லித் தொலையேண்டா" என்றான். சொன்னேன். ஆறு பெண்களைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். "நீ?" என்று கேட்டான். ரசீதை எடுத்து நீட்டினேன். அவன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பொண்ணுக்கு ஒரு வருஷம் நான் பார்த்துக்கறேன்" என்றான். 36,000 ரூபாய். ஐந்நூறு ரூபாய் கொடுத்த அதே வீடு. அதே மனிதன்.

அடுத்த கூட்டத்தில் எழுவாய் உள்ள ஒரு தீர்மானத்தை எழுதிக்கொண்டு போனேன்: 'அங்கத்தினர் ஒவ்வொருவரும் இந்த மாதத்துக்குள் தம்மால் ஆன தொகையைத் தாம் கொடுத்து, தமக்குத் தெரிந்த மூவரை நேரில் கண்டு கேட்டு, அடுத்த கூட்டத்தில் பெயரோடு சொல்ல வேண்டியது.' போண்டா ஆறிப்போகும் அளவுக்கு விவாதம் நடந்தது. "இது கமிட்டியா, வசூல் ஆபீஸா?" என்று கேட்டு இரண்டு பேர் ராஜிநாமாச் செய்தார்கள். மீதி ஒன்பது பேரில் நாலு பேர் உடனே போனார்கள். மூன்று பேரை டீச்சரம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பேர் இன்னும் "அடுத்த மாதம்" என்கிறார்கள். உலகம் தலைகீழாக மாறிவிடவில்லை. ஆனால் மளிகைக் கடைப் பாக்கி தீர்ந்தது. ஆறு பெண்களில் நாலு பேர் திரும்பி வந்தார்கள்.

மற்ற இருவர் வரவில்லை. ஒருத்தியின் குடும்பம் ஊரை விட்டே போயிருந்தது. இன்னொருத்தியைச் சில மாதம் கழித்துத் தற்செயலாகப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவள். பெரிய கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில், பகல் முழுதும் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிற வேலை. "வாங்க சார், என்ன பாக்கறீங்க?" என்றாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஆறு வருஷத்தில் நான் விடுதியின் கூட்ட அறையைத் தாண்டி உள்ளே போனதில்லை. நான் யார் என்று அவளிடம் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு புடவையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாசகர்களில் எத்தனையோ பேர் ஏதாவது ஒரு கமிட்டியில் இருப்பீர்கள். நூலகம், இலவச வைத்தியசாலை, முதியோர் இல்லம், மாலைப் பள்ளிக்கூடம், ஏதோ ஒன்று. அடுத்த கூட்டத்திலும் காபி வரும், கணக்கு வாசிப்பார்கள், காரியதரிசியின் துணிப்பையில் ரசீதுப் புத்தகம் இருக்கும். அதை அவர் ஒருவரே எத்தனை நாள் தூக்கிக்கொண்டு அலைவார்? கையை நீட்டி ஒரு புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ரசீதை உங்கள் பெயருக்கே எழுதுங்கள். இரண்டாவது ரசீதோடு உங்கள் ஆப்த சிநேகிதர் வீட்டுக்குப் போங்கள்.

முடியாது என்றால் நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். கேட்கத் தெரிந்த வேறு யாராவது அதில் வந்து உட்காரட்டும்.